பேட்டரி மூடி இன்னும் வரவில்லை

மார்ச் 4

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதப் பேனா வரவில்லை, மன்னிக்கவும். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

பையன் விபத்தில் போய் நான்கு மாதமாகிறது. அவன் ஓட்டிய மின்சாரக் கார் அன்றிலிருந்து உங்கள் பட்டறையில்தான் நிற்கிறது. எப்போது கேட்டாலும் பாகம் வரவில்லை என்கிறீர்கள். வெளி ஆளுக்குச் சொல்கிற பதிலை எனக்குமா சொல்வது? விவரமாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
பையனின் அப்பா

மார்ச் 11

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

கதவு வந்துவிட்டது. அடியில் பேட்டரிப் பெட்டியின் மூடி நசுங்கியிருக்கிறது. அதைத் தட்டி நிமிர்த்தக் கூடாது, புதிதுதான் போட வேண்டும். தீப்பிடிக்கலாம் என்பதால் அதுவரை மற்ற வண்டிகளோடு சேர்த்து நிறுத்தவும் கூடாது. கொட்டகைக் கோடியில், சுற்றிலும் கயிறு கட்டித் தனியாக நிறுத்தியிருக்கிறேன். கம்பெனியில் கேட்டால், "வந்துக்கிட்டே இருக்கு சார்" என்கிறார்கள். இரண்டு மாதமாக வந்துகொண்டேதான் இருக்கிறது.

பெண் அந்தப் பக்கம் போவதில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்ததும், "மாமா என்னப் பத்தி ஒண்ணும் கேக்கலியாப்பா?" என்றாள். வண்டி விஷயம்தான் எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
பெண்ணின் அப்பா

ஏப்ரல் 2

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

மூன்று வாரமாயிற்று. இன்னுமா வரவில்லை? நீங்கள் யாரிடமும் குரலை உயர்த்தாத ஆள். அதுதான் தலையில் ஏறி உட்காருகிறார்கள். நேரில் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
பையனின் அப்பா

ஏப்ரல் 9

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நாலு வார்த்தை கேட்கத்தான் போனேன். தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தேன்.

பேட்டரியில் கை வைக்கிற வேலைக்கு வண்டிச் சொந்தக்காரர் சம்மதம் எழுதிக் கொடுக்காமல் பாகம் அனுப்பமாட்டார்களாம். வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது. படிவம் மூன்று முறை உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. தபாலை வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், படிவத்தில் மட்டும் போடவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. இப்போதெல்லாம் எதுவுமே வருவதில்லை. ஏன் என்று மட்டும் எழுதுங்கள்.

பெண்ணின் அப்பா

ஏப்ரல் 15

சம்பந்தி,

மூன்று படிவமும் மேஜை இழுப்பறையில்தான் இருக்கின்றன. வண்டி சரியாகிவிட்டால் அதன்பிறகு நமக்குள் எழுத என்ன இருக்கிறது? அதனால்தான் போடவில்லை. உங்களைப் பிடித்து ஏசியது என் வெட்கங்கெட்டதனம்.

பெண்ணைப் பற்றிக் கேட்காததற்கும் காரணம் உண்டு. கேட்டால், நன்றாக இருக்கிறாள் என்று எழுதிவிடுவீர்களோ என்று பயம். இப்படியும் ஒரு மனுஷன் பயப்படுவானா என்று நீங்கள் நினைக்கலாம். பயந்தேன்.

கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

பையனின் அப்பா

மே 6

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

மூடி வந்தது. பொருத்தி, சோதனையும் முடிந்துவிட்டது. வண்டி ஓடுகிறது.

பெண் காலையில் ஆபீஸ் போகிறாள், சாயங்காலம் வருகிறாள். போட்டதைச் சாப்பிடுகிறாள். நன்றாக இருக்கிறாள் என்று என்னால் எழுத முடியாது.

உங்கள் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தாள். இன்று காலையில், "வண்டிய நானே ஓட்டிட்டுப் போய் மாமா வீட்ல விடட்டுமாப்பா?" என்றாள். நான் என்ன சொல்லட்டும்?

பெண்ணின் அப்பா

மே 10

சம்பந்தி,

வண்டியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அவளைப் பஸ்ஸில் வரச் சொல்லுங்கள். எந்த பஸ் என்று மட்டும் எழுதுங்கள், நிறுத்தத்தில் வந்து நிற்கிறேன்.

அவளுடைய மாமா