ஜெரால்டின் கம்ப்யூட்டர்

ஆனந்தி,

நத்தத்துல, உங்க அம்மா வீட்ல, நேரத்துக்குச் சாப்பிடுறியா?

நம்ம ஜெரால்டு கேம் விளையாடணும்னு ஒவ்வொரு பாகமா வாங்கி வச்சிருந்தான்ல, அந்தக் கம்ப்யூட்டரை நானே மாட்டி முடிச்சுட்டேன். வீடியோவைப் பாத்துப் பாத்துத்தான் செஞ்சேன். பிராசஸரை மட்டும் ரெண்டு தடவை கழட்டி மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுத்துச்சு, உள்ள சிவப்பு லைட் எரிஞ்சுச்சு. அவன் இருந்திருந்தா, "அப்பா, ஓடுதுப்பா!"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தியிருப்பான்.

விபத்துல நொறுங்குன அவன் பைக்கை எடுத்துட்டுப் போகச் சொல்லி போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துச்சு. நான் போகலை.

கம்ப்யூட்டர் பேர் கேட்டுச்சு. அவன் பேரை அடிச்சேன். "வெல்கம் ஜெரால்டு"ன்னு வந்துச்சு. அதுக்கப்புறம் அணைக்க மனசு வரலை. இப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

செத்த நேரம் வந்துட்டுப் போ, ஆனந்தி. என்னால தனியா இருக்க ஏலலை.

இப்படிக்கு,
அவனோட அப்பா