இருபது பேர் வந்த காட்டுக் கல்யாணம்

சின்னம்மா,

இன்று டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து வெயிலில் வைத்தபோது, என் பி.ஏ. பட்டத்துக்கு அடியிலிருந்து காட்டில் கல்யாணம் நடத்த அனுமதி தந்த அந்த இங்கிலீஷ் கடிதம் விழுந்தது. இருபது பேருக்கு மேல் வரக்கூடாது, கிளை ஒடிக்கக்கூடாது, குழி தோண்டக்கூடாது, பொழுது சாயுமுன் வெளியேற வேண்டும். கீழே காட்டிலாகா துரையின் கையெழுத்து. என் கல்யாணப் பத்திரிகை என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கிறது.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் நீங்கள். சிறு வயதிலேயே கணவரை இழந்ததால், வீட்டில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் புழக்கடையில்தான் இருப்பீர்கள். மேளம் ஓய்ந்த பிறகே முகம் காட்டுவீர்கள். "சின்னம்மா முன்னால் நிற்காத கல்யாணம் எனக்கு வேண்டாம்" என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு வழி சொன்னார்.

"காரைக்குடியில வச்சா ஊரே கூடிப் பேசும்த்தா. குலசாமி கோவில்ல சின்னதா வச்சுக்குவோம்."

நம் குலசாமி இருந்தது சிங்கம்புணரிப் பக்கத்துக் காட்டில். காடோ சர்க்கார் காடாகிவிட்டது. மனுவை நானே எழுதினேன். அதைக் கொடுக்க ஆபீஸ் வாசல்வரை போய் மூன்று முறை திரும்பி வந்தேன். "ஏத்தா, நரி ஊளையிடுற காட்டுல கல்யாணம் கட்டப் போறவ, நாற்காலியில உக்காந்திருக்கிற துரைக்கா பயப்படுற?" என்று சிரித்தீர்கள். நாலாம் முறை உள்ளே போனேன்.

அனுமதி வந்ததும் உங்கள் அண்ணன், என் மாமா, குதித்தார். சுமங்கலிகள் கூடிப் பந்தக்கால் ஊன்றாமல் நம்மில் கல்யாணம் தொடங்காதே! அங்கே குழியே தோண்டக்கூடாது.

"கால் ஊண்டாத கல்யாணம் காக்கா குருவிக்குத்தான்!"

"அதுக நல்லாத்தானண்ணே குடும்பம் நடத்துதுக," என்றீர்கள். "கோவில் முன்னால அம்மாம் பெரிய உசிலை மரம் நிக்குது. சாமியே ஊண்டுன காலு. மஞ்சத்துணியக் கட்டுங்க, போதும்."

 கல்யாணத்தன்று காட்டுக்கு முதல் வண்டியை மாமாவே ஓட்டினார்.

மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர், நாம் பன்னிரண்டு. பூசாரி தேங்காய்மேல் தாலியை வைத்து, "சுமங்கலி யாராச்சும் எடுத்துக் குடுங்க" என்றார். திரும்பிப் பார்த்தேன். உங்களைக் காணோம். கடைசி வண்டிக்குப் பின்னால், மாட்டுக்கு வைக்கோல் போடுகிற சாக்கில் நின்றிருந்தீர்கள். மாமாவின் வாயை அடைத்த நீங்களா!

வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட எனக்குச் சத்தம் எழும்பாது. அன்று எழுந்து நின்று கத்தினேன்.

"சின்னம்மா, இங்குட்டு வாங்க! நீங்க எடுத்துக் குடுக்காம நான் கழுத்தை நீட்ட மாட்டேன்!"

உசிலையில் இருந்த கிளிகள் மொத்தமும் பறந்தன. மாப்பிள்ளைக்கு என் எண்ணம் தெரியும்; அவர் அம்மாவுக்குத் தெரியாது. எல்லாரும் அந்த அம்மாவையே பார்த்தார்கள். அவர் உங்கள் பக்கம் திரும்பினார்.

"இன்னும் என்னத்துக்கு அங்க நிக்கிறீக? நல்ல நேரம் போகுதுல்ல. வாங்க சம்மந்தி!"

கையில் ஒட்டிய வைக்கோலை முந்தானையில் துடைத்தபடி வந்தீர்கள். தேங்காய்மேல் இருந்த தாலியை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தீர்கள். குலவைச் சத்தம் காடெல்லாம் கேட்டது.

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், உங்களைப் போலப் பின்கட்டில் ஒதுங்கியிருக்கும் பெண்ணைத் தேடிப் போய்க் கூப்பிடுகிறேன்.  பலர் கையை உதறிவிடுவார்கள். போன மாதம் கண்டரமாணிக்கத்தில் ஒருத்தி எழுந்து வந்தாள். முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தாலி ஏறும்போது எல்லாருக்கும் முந்திக் குலவையிட்டாள்.