அடுத்த வீட்டுக் கிண்ணம்

பிள்ளையின் அப்பாவுக்கு,

மலேசியாவில் மழையா? இங்கே ரங்கூனில் வெயில்தான்.

இனங்களுக்கிடையே மனக்காயம் ஆறட்டும் என்று ஏதோ நிதி வந்ததாம். நம் தெருக்காரர்களைக் கூட்டி, மனம்விட்டுப் பேசச் சொன்னார்கள். என் பக்கத்தில் அடுத்த வீட்டு டோ கின் மியா. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தவர்களிடம், "அந்தக் கறுப்பன் வீட்டுல ஒரு பையன் இருக்கான்" என்று நம் வாசலைக் காட்டினவள். அன்று கொண்டுபோன பிள்ளை இன்னும் திரும்பவில்லை.

அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். சரி என்றேன்.

மறுநாள் ஒரு கிண்ணத்தில் மொய்ங்கா கொண்டுவந்தாள். சாப்பிட்டேன். மீன் சாற்றில் உப்பு சரியாக இருந்தது.

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதே. பிள்ளை வந்தால் தின்பான் என்று வைத்திருந்த மாங்காய் ஊறுகாயை நிரப்பிக் கொடுத்தேன்.

ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. இந்த வருஷம் மாங்காய் வாங்கப்போவதில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பிள்ளையின் அம்மா