ஒரு ஸ்பூன் தீர்த்தம்

அக்கா,

இன்று புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாள் கோயிலில் பட்டர் என் உள்ளங்கையில் தீர்த்தம் விட்டார். துளசியும் பச்சைக் கற்பூரமும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும், கிருஷ்ணகிரியில் நீங்கள் படுத்திருந்த ஆஸ்பத்திரி வார்டுதான் கண்முன் வந்தது.

நீங்கள் விழுந்த நாள் காலையில் மோட்டார் போட்டதும் நீங்கள்தான். "ஏய் சின்னவளே, மோட்டார் போட்டாச்சு. உன் புராணத்துல எழுதிக்கோ!" என்று கீழ்வீட்டிலிருந்து கத்தினீர்கள். வீட்டில் நடப்பதையெல்லாம் நேரத்தோடு எழுதிவைக்கும் இந்த ஓரகத்தியின் நோட்டைக் கேலி செய்யாமல் உங்களுக்குப் பொழுது விடியாது. ஆறு இருபது என்று எழுதினேன். தொட்டி நிரம்பி வழிந்தும் மோட்டார் நிற்கவில்லை. இறங்கி வந்து பார்த்தால், சுவிட்சுக்கு அடியில் சரிந்து கிடந்தீர்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையைத் தூக்கிவிட்டால் ஈரத்துணி போல விழுந்தது.

குருபரப்பள்ளியிலிருந்து ஆம்புலன்சில் போய்ச் சேர்ந்ததும் டாக்டர் முதலில் கேட்டது, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?" நோட்டை நீட்டினேன். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேன் சொன்னது. நேரம் சரியாகத் தெரிந்ததால்தான் அடைப்பைக் கரைக்கும் ஊசியைத் தைரியமாகப் போட முடிந்தது என்றார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் உங்கள் வீட்டுக்காரர், என் மாமா, அந்த நோட்டின் பெருமையையே பேசினார்.

அந்தப் பெருமைக்கு நான் தகுதியானவள் இல்லை என்பது அந்த வாரச் சனிக்கிழமை தெரிந்தது.

வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்று கட்டிலின் தலைமாட்டில் அட்டை தொங்கியது. ஊத்தங்கரைக்கார நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள்: "முழுங்கற தசையும் தளர்ந்திருக்கும்மா. தண்ணி நுரையீரலுக்குப் போயிடும். டெஸ்ட் பண்ற வரைக்கும் சொட்டுகூட வேணாம்." தலையாட்டினேன். ஆனால் அன்று காலை பெருமாள் கோயிலிலிருந்து கொண்டுவந்திருந்த தீர்த்தத்தை நான் தண்ணீராக நினைக்கவே இல்லை, அக்கா. பெருமாள் கொடுப்பது எப்படிக் கெடுதல் செய்யும்? நர்ஸ் அடுத்த கட்டிலுக்குத் திரும்பிய நேரம், ஒரு ஸ்பூன் விட்டேன். புரையேறி உங்கள் கண்ணில் நீர் வந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன். நோட்டில் எழுதவில்லை.

சாயங்காலம் காய்ச்சல். நெஞ்சில் கரகரவென்று சத்தம். "வாயில ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"குடுக்கல சார். எங்க சின்னவ எல்லாத்தையும் எழுதறவ. வேணும்னா நோட்டைப் பாருங்க," என்றார் மாமா.

நோட்டு என் மடியில்தான் இருந்தது. மாமாவின் நம்பிக்கையைக் காப்பாற்றினால் உங்கள் மூச்சு போய்விடும் என்று தோன்றியது.

"நான்தான் சார். காலைல, ஒரு ஸ்பூன். தீர்த்தம்."

"ஏம்மா, நீயா?" என்றார் மாமா. அவ்வளவுதான். நான்கு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் திட்டவில்லை. "இப்பவாச்சும் சொன்னீங்களே," என்று உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, மருந்தை மாற்றினார்.

காய்ச்சல் இறங்கிய பிறகு, விழுங்கப் பழக்கும் பெண் வந்தாள். தாடையை நெஞ்சோடு தாழ்த்தி, கெட்டியான கேழ்வரகுக் கூழில் அரை ஸ்பூன். ஒருமுறை விழுங்கி, வெறும் வாயோடு இன்னொரு முறை. நீங்கள் அவள் கையை இடக்கையால் ஒதுக்கிவிட்டு என்னைக் காட்டினீர்கள். அவளிடமிருந்து ஸ்பூனை வாங்கிக் கூழை எடுத்தேன். கோணல் வாயால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னீர்கள்:

"கூழா... தீர்த்தமாடி? அன்னிக்கே... வழியனுப்பப் பாத்தியே."

முதலில் சிரித்தது மாமாதான். நான் அழுதேன்.

அதன்பின் ஒன்றரை வருஷம், வேளாவேளைக்கு "தாடை கீழ, அக்கா" என்பேன். "பெருமாளுக்கே இவ்வளவு கும்பிடு போட்டதில்லடி," என்பீர்கள். போன மார்கழியில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள், யாருக்கும் வேலை வைக்காமல்.

விட்டுப்போன வரியை அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதி வைத்திருக்கிறேன்: 'காலை, தீர்த்தம், ஒரு ஸ்பூன். கொடுத்தது நான்.'

இன்றும் தீர்த்தத்தை வாயில் விட்டதும் தாடையைத் தாழ்த்தி, ஒருமுறை விழுங்கி, நின்று, இன்னொரு முறை விழுங்கினேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் நான் கும்பிடுவதாக நினைத்துக் காத்திருந்தார்கள்.