டிஜே அக்காவின் காது

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அத்தையும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் முதுகுவலி குறைந்ததா?

தோழியும் நானும் தொடங்கிய இசைக் கம்பெனிக்கு ஆர்டர்கள் வருகின்றன. கடை வேலையை விட்டதற்குப் பயந்தீர்களே, இனிப் பயம் வேண்டாம். ஸ்பீக்கர், லைட் எல்லாம் அவள் பொறுப்பு. பாட்டுப் போடுவது நான். எல்லாருக்கும் நான் 'டிஜே அக்கா'தான்.

சனிக்கிழமை ஒரு கல்யாண வரவேற்பு. மணப்பெண்ணின் தந்தை பேச எழுந்து, பாட்டை நிறுத்தும்படி மைக்கில் கேட்டாராம். எனக்குக் கேட்கவில்லை. நான்பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த குத்துப்பாட்டைப் போட்டுவிட்டேன். தோழி ஓடிவந்து நிறுத்தினாள்.

"என்னடி, காது அடைச்சுப்போச்சா?"

"ஹெட்போன் மாட்டியிருந்தேன்டி" என்று சிரித்துச் சமாளித்தேன். ஹெட்போன் கழுத்தில்தான் தொங்கியது.

காதில் வண்டு குடைவதுபோல் ஓர் இரைச்சல், அவ்வளவுதான். கொஞ்ச காலம் சத்தத்தை விட்டுத் தள்ளியிருக்கச் சொல்கிறார் டாக்டர். தொழில் இப்போதுதான் சூடுபிடித்திருக்கிறது, எப்படித் தள்ளியிருப்பது? தோழியிடம் இன்னும் சொல்லவில்லை. பாட்டுப் போட அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு நான் வயர் இழுக்கலாம். அவள் ஒப்புக்கொள்வாளா என்றுதான் தெரியவில்லை.

நீங்கள் கவலைப்படாதீர்கள். போன் பேசும்போது மட்டும் ஃபேனை நிறுத்திவிட்டு நிதானமாகப் பேசுங்கள். பாப்பா போனில் கத்தினால் அதட்ட வேண்டாமென்று அத்தையிடம் சொல்லுங்கள். நன்றாகக் கத்தட்டும்.

தோழி உள்ளே வந்து தோளைத் தட்டுகிறாள். வெகுநேரமாக வாசலில் ஹாரன் அடித்தாளாம். இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

அவசரத்துடன்,
உங்கள் மனைவி