ஒரு துளையில் மட்டும் இரும்பு

கேமரூன்
11.2.2024

அன்பு அக்காவுக்கு,

ஜெரால்ட் எழுதுவது. சுகமாக இருக்கிறேன், இங்கே கொசுக்கள் என்னைவிடச் சுகம். கேம்பில் டவர் இல்லாததால் லீவில் வரும் லோகுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த நாட்டு மண்ணுக்குள் இரும்பு, பாக்சைட், தங்கம் எல்லாம் இருக்கிறதாம். முழுதாகத் தேடிப் பார்த்தவர்கள்தான் குறைவு. நாங்கள் மலையில் துளை போடுகிறோம். உள்ளிருந்து உருளை உருளையாகக் கல் வரும்; பெட்டிகளில் அடுக்குவோம். அப்படியொரு கல்லோடு நான் நிற்கும் போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன். கம்பெனிப் புத்தகத்திலும் போட்டிருக்கிறார்கள்! மச்சானிடம் காட்டு.

உன் தம்பி,
ஜெரால்ட்

கும்மிடிப்பூண்டி
3.3.2024

கண்ணு ஜெரால்டு,

ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம்; கை வலிக்கிறதா ராசா? ஹெல்மெட் போட்டால் அப்பா ஜாடை அப்படியே வருகிறது.

உங்கள் கம்பெனி ஏஜெண்ட் போன ஞாயிறு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார். பங்கு வாங்கினால் மூன்று வருஷத்தில் நாலு மடங்காம். ஒரு கல்லை எல்லோர் கையிலும் கொடுத்தார். நம் ஆட்கள் சிப்காட் இரும்பு உலையில் வெந்தவர்கள் அல்லவா, கனத்தைப் பார்த்ததுமே மயங்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா, "மெர்சி, ஒன் தம்பி அங்கதான கீறான், நம்பலாமா?" என்றாள். நான் எழுந்து நின்று, "எங்க ஜெரால்டு கையால எடுத்த கல்லுங்க இது" என்றேன். கை தட்டினார்கள்.

புருஷன் உலையில் செத்ததற்கு வந்த நஷ்டஈட்டை அவள் அப்படியே போட்டுவிட்டாள். நாங்களும் எளாவூர் மனையை விற்கிறோம். ஸ்நேகா படிப்புக்கென்று வைத்திருந்தது. ஏப்ரல் பத்தாம் தேதி பத்திரப்பதிவு. அதற்குள் உன் வாயால் ஒரு வார்த்தை சொல்.

அக்கா மெர்சி

கேமரூன்
24.3.2024

அக்கா,

மனையை விற்காதே.

இருபத்திரண்டு துளை போட்டோம். ஒன்றில்தான் நல்ல இரும்பு வந்தது. போட்டோவில் இருப்பது அந்தக் கல். மற்றதெல்லாம் செம்மண்ணும் வெறும் பாறையும். பணம் போடுகிறவர்கள் பார்க்க வந்த அன்று, அந்தப் பெட்டிகளைக் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கித் தார்ப்பாயால் மூடியவன் நான்தான். மறுநாளே என்னை ஃபோர்மேன் ஆக்கினார்கள். வெட்கமாக இருக்கிறது அக்கா. இந்த நாட்டில் தாது இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் மலையில் இல்லை.

என்னோடு வேலை செய்யும் அந்தோணி லீவில் வருகிறான், இதை உன் கையிலேயே தருவான். படித்ததும் கிழித்துவிடு. கன்னியம்மா அக்காவிடம் மூச்சு விடாதே. என் வேலை போய்விடும். பாஸ்போர்ட்டும் அவர்களிடம்தான் இருக்கிறது.

ஜெரால்ட்

கும்மிடிப்பூண்டி
19.4.2024

ஜெரால்டு,

மனை தப்பித்தது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அன்று சாயங்காலம் கன்னியம்மா மீன் குழம்பு கொண்டுவந்தாள். "ஒன் தம்பி புண்ணியத்துல எம் பொண்ணுக்கும் ஒரு வழி பொறந்துச்சு" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ என்னை மட்டும் காப்பாற்றப் பார்த்தாய். அவளை என் பக்கத்தில் உட்காரவைத்து உன் கடிதத்தைப் படித்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "இன்னொரு வாட்டி படி" என்றாள், அவ்வளவுதான்.

ஏஜெண்ட் போனை எடுக்கவில்லை. பணம் போட்ட பதினோரு குடும்பமும் நானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். உன்னை என்ன செய்வார்களோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் மண்டபத்தில் எழுந்து நின்றவள் நான். வேளைக்குச் சாப்பிடு.

புகாரோடு உன் கடிதத்தையும் வாங்கிக்கொண்டார்கள். "இது யாரு எழுத்தும்மா?" என்று கேட்டார்கள். "என் தம்பி எழுத்துதாங்க" என்று நான்தான் சொன்னேன்.

மெர்சி