வைக்காத திருஷ்டிப்பொட்டு

குற்றாலம்,
11-6-1959.

அன்புள்ள ஓவியர் தம்பி சிவசைலம் அவர்களுக்கு,

குத்தாலிங்கம் எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்தது. சாரல் விழுந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். நாலு நாளாக விழுகிறது. ஐந்தருவியிலும் தண்ணீர் வந்துவிட்டது. மாடி அறையை வேறு யாருக்கும் விடவில்லை, உங்களுக்குத்தான். பெரியவன் தங்கசாமி மூன்றாம் வகுப்புக்குப் போகிறான். சேட்டை மட்டும் குறையவில்லை.

பேராச்சிக்குக் கலர் பென்சில் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் இத்தனை மாதம் உங்களுக்கு எழுதாமல் இருந்துவிட்டேன். ஐப்பசியில் பிள்ளை எங்களை விட்டுப் போய்விட்டாள். தொண்டை அடைப்பான். மூன்றே நாள். பதினாறு வருஷமாகக் கம்பவுண்டராக ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் மருந்து கலக்கிக் கொடுத்தவன் நான். என் பிள்ளைக்குக் கலக்கியது தொண்டைக்குள் இறங்கவில்லை.

அவள் காதுகுத்தின்போது தென்காசியில் போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். அதுவும் நடக்கவில்லை. எங்களிடம் இருந்தது, போன சீசனில் நீங்கள் வரைந்து கொடுத்துவிட்டுப் போன படம் ஒன்றுதான். மங்குஸ்தான் பழ ஓடு ஒன்றைப் படகாக்கி, தங்கசாமியையும் பக்கத்து வீட்டு ஆதமையும் பேராச்சியையும் அதில் ஏற்றி, அருவியில் சறுக்கவிட்டு, துடுப்புப் போட ஒரு குரங்கையும் வைத்தீர்களே, அதேதான். சேம்பிலையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிச் சிரிப்பாள். அவள் சிரிப்பே அப்படித்தான். கண்ணாடி போட்டு மாட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், போடவில்லை.

படத்தில் பையன்கள் இருவர் கன்னத்திலும் மையால் பொட்டு வைத்திருந்தீர்கள். பேராச்சிக்கு இல்லை. மூன்று பிள்ளைகளுக்கும் திருஷ்டிப்பொட்டு வைக்கச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனவள் என் மனைவி அகிலாண்டம். நீங்கள் ஒன்றை மறந்துவிட்டீர்கள், அதனால்தான் பிள்ளைக்குக் கண்பட்டுவிட்டது என்று அவள் நினைக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை கண்மையை விரலில் தொட்டு, படத்தில் அந்தப் பொட்டை வைக்கப் போனாள். போன பிள்ளைக்கு இனி எதற்கு என்றேன். "அங்கனயாவது பிள்ளை நல்லா இருக்கட்டும்" என்றாள். விளக்கெண்ணெயில் குழைத்த மை. தாளில் ஊறிக் கன்னமெல்லாம் பரவிவிட்டது. பதறிப்போய் ஈர முந்தானையால் துடைத்தாள். வர்ணம் கரைந்து முகமே போய்விட்டது. இலைக்குக் கீழே இப்போது ஒரு கறைதான் இருக்கிறது. அன்று முதல் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. இருந்த முகத்தையும் நானே அழித்துவிட்டேனே என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

தம்பி, நீங்கள் மறக்கவில்லை. அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். பையன்களுக்கு வைத்துவிட்டுப் பேராச்சியிடம் வந்தபோது நான்தான் உங்கள் கையைப் பிடித்தேன். தாளுக்கு ஏது கண்ணேறு, இந்தச் சிரிப்பைக் கெடுத்துவிடாதீர்கள் என்று கேலி பேசினேன். பொட்டு இல்லாததால் பிள்ளை போனாள் என்று இன்றைக்கும் நான் நம்பவில்லை. ஆனாலும் அகிலாண்டம் உங்களைக் குறை சொன்னபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இத்தனை மாதமாக என் பழியை நீங்கள் சுமந்திருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும்.

எனக்கு ஓர் உபகாரம் செய்யுங்கள். பிள்ளையின் முகம் நினைவிருந்தால், நீங்கள் இங்கே வரும்வரை காத்திராமல் மறுபடியும் வரைந்து அனுப்புங்கள். கூடவே அகிலாண்டத்துக்கு நாலு வரி எழுதுங்கள். பொட்டைத் தடுத்தது குத்தாலிங்கம்தான் என்று எழுதுங்கள். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது. நான்தான் படித்துக் காட்ட வேண்டும். நானாகச் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் எழுத்தாக முன்னால் இருந்தால் படித்துவிடுவேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்கட்டும். பேராச்சி கன்னத்தில் பொட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள், தம்பி. கையைப் பிடிக்க இந்தத் தடவை நான் பக்கத்தில் இல்லை.

இப்படிக்கு,
குத்தாலிங்கம்